பதினோரு அட்டைகளும் ஒரு முடிச்சும்

காலை எட்டு மணிக்குக் கோந்தக்கா குளியலறையில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோப்புப் போட்டாயிற்று. உப்பு போட்டாயிற்று. பாத்திரம் விளக்குகிற நாரை வைத்தும் தேய்த்தாயிற்று. விரல் இடுக்கில் காய்ந்திருந்த கோந்து மட்டும் அசைவேனா என்றது. உரிக்க உரிக்கச் செத்த தோல் போல வெள்ளையாகச் சுருண்டு வந்தது. நேற்றுச் சாப்பிடும்போது அதில் ஒரு துண்டு தட்டில் விழுந்து, சோற்றோடு சேர்ந்து வாய் வரைக்கும் போய்விட்டது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தவளுக்கு அப்புறம் ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

கோந்தக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கடையில் கூட வேலை செய்கிற பெண்கள் வைத்தது. நாலு வாரமாக இந்தத் தொடரில் நானும் அப்படியே எழுதி வருகிறேன், அவளும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. வீட்டைப் பொறுத்தவரை அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மூலையில் இருக்கும் ஸ்டேஷனரி கடையில் பில் போடுகிறவள். சுழலும் நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன், முன்னால் கம்ப்யூட்டர். அவள் கணவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க நின்றுகொண்டே பிழைக்கிற மனிதர். தன் பெண்டாட்டிக்காவது உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்ததே என்று போகிற இடமெல்லாம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருக்கிறார்.

உட்கார்ந்துதான் பார்க்கிறாள். கடைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட அறையில், கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டி மேல். அந்த அறையில்தான் பள்ளிப் பிள்ளைகள் ‘சொந்தமாக’ செய்கிற எரிமலையும் நுரையீரலும் சூரியக் குடும்பமும் உற்பத்தியாகின்றன. பெற்றோர் வந்து எந்த வகுப்பு, என்ன பாடம் என்று சொன்னால் போதும். மூன்றாம் நாள் பொருள் தயார்.

கடைக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. பொருள் குழந்தை செய்த மாதிரியே இருக்க வேண்டும். அதற்காகக் கோந்தக்கா பாகங்களின் பெயர்ச்சீட்டுகளை இடக்கையால் எழுதுவாள். கோடுகளைக் கோணலாக இழுப்பாள். ஒரு ஓரத்தில் வண்ணத்தை வேண்டுமென்றே வழிய விடுவாள். ஈரக் கோந்தில் தன் சுண்டுவிரல் நுனியைப் பதித்து ஒரு சின்ன ரேகையை உண்டாக்குவாள். ஒரு பிள்ளையின் தடுமாற்றத்தைக்கூடக் கடையில் வைத்து விற்கலாம் என்று கண்டுபிடித்த மூளையை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அந்தச் சுண்டுவிரலைப் பதித்த கையோடு சேலையில் துடைத்துக்கொள்வாள். அடுத்த அட்டையில் மறுபடி பதிப்பாள்.

இந்த முறை ஏழாம் வகுப்புக்கு ‘எளிய மின்சுற்று’ என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஓர் அட்டை, இரண்டு பேட்டரி, ஒரு சுவிட்ச், ஒரு குட்டிப் பல்பு, நடுவே கம்பி. கடைக்குப் பதினோரு ஆர்டர் வந்தது. பதினொன்றையும் செய்தவள் கோந்தக்கா. அவளுடைய ஒரே மகள் சுண்டுவும் அதே ஏழாம் வகுப்புதான்.

சுண்டு தன்னுடையதைத் தானே செய்தாள். இரண்டு வாரமாக வீட்டில் நடக்க இடமில்லை. அட்டையில் பென்சிலால் கட்டம் போட்டு, ஸ்கேல் வைத்துக் கம்பியை நேராக ஒட்டி, தகர டப்பா மூடியை வெட்டிச் சுவிட்ச் செய்து, நாலு தடவை பிரித்து நாலு தடவை சேர்த்திருந்தாள். கம்பியைத் தொட்டாலே பல்பை விட்டுப் பிய்த்துக்கொண்டு வருகிறது என்று அழுகிற குரலில் வந்து நின்றபோது மட்டும் அம்மா ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தாள். அட்டைக்கு அடியில் இரண்டு கம்பியையும் ஒன்றின் வளையத்துக்குள் மற்றொன்றை நுழைத்து ஒரு முடிச்சு. கடைக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருடம் அவள் மேஜை விளக்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அங்கே மேற்பார்வையாளர் ஒவ்வொரு விளக்கின் கம்பியையும் மூன்று முறை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். முடிச்சுப் போட்ட விளக்குத்தான் பிழைக்கும். தொழிற்சாலை மூடியது, முடிச்சு மட்டும் கையில் தங்கியது.

குளியலறைக் கதவைத் தட்டினாள் சுண்டு. நேரமாகிவிட்டதாம். வெளியே வந்த அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"பில் போடுற கையில எப்பப் பாத்தாலும் எப்படிம்மா கோந்து ஒட்டிக்குது?"

கவர் ஒட்டினேன் என்றாள் கோந்தக்கா. அந்தப் பொய் எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது. அதுதான் அவளை மேலும் சங்கடப்படுத்தியது. கணவர் வெளியூர் வண்டியில் போயிருந்தார், நாளைக் காலைதான் திரும்புவார். போகும்போது மகளின் அட்டையைத் தூக்கிப் பார்த்து, சுவிட்சை நாலு தடவை போட்டுப் போட்டு அணைத்து, இது கடைச் சாமான் மாதிரி அல்லவா இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்த அறையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஈர வண்ணமும் பிஸ்கட்டும் நாற்பது ஜோடி ஷூவுக்குள்ளிருந்து வந்த வியர்வையும் கலந்து ஒரு நாற்றம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் அட்டைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை. ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் குறைந்தது ஒரு பெற்றவர்.

கோந்தக்கா வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மூன்றாவது அட்டை அவளுடையது. வழிந்த நீல வண்ணத்தைக் கண்டதும் தெரிந்துவிட்டது. அந்தப் பையனின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், பிள்ளை சாப்பாடு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து செய்தான், கிட்டே போனால் விரட்டினான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழாவது அட்டையும் அவளுடையது. அந்தத் தகப்பனார் தன் மகளின் ‘கையெழுத்தை’ச் சுட்டிக்காட்டி, எழுத்து மட்டும்தான் இன்னும் திருந்தவில்லை என்று குறைப்பட்டார். கோந்தக்காவின் இடக்கை எழுத்து அது. மகள் தலைகுனிந்து நின்றாள்.

சீ என்று வந்தது அவளுக்கு. அவர்களைப் பார்த்தா, தன்னையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒன்பதாவது அட்டைக்குப் பின்னால் அவளுடைய நாத்தனார் தன் மகனைத் தோளில் கை போட்டு நிறுத்தியிருந்தாள். அண்ணியைக் கண்டதும் வாய் கொள்ளாமல் சிரித்தாள். அந்த அட்டையின் மூலையில் பதிந்திருந்த சின்ன ரேகை கோந்தக்காவின் சுண்டுவிரல். யார் யாருக்குச் செய்கிறோம் என்று பின்னறையில் யாரும் சொல்வதில்லை, இவளும் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் தெரிந்தது.

பத்தடி தள்ளிக் கடைக்காரர் நின்றிருந்தார். விழாவுக்குச் சார்ட் பேப்பர் கொடுத்தவர் என்பதால் முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். தன் பொருள்களைத் தானே கண்காட்சியில் பார்த்து ரசிக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

பத்தரை மணிக்கு அறிவியல் மிஸ் வந்தார். போன வாரம் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வீடு போன கடிதம் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடையில் வாங்கிய பொருள் என்று தெரிந்தால் சுழியம், காலைக் கூட்டத்தில் பெயரும் வாசிக்கப்படும் என்று எழுதியவர் இவர்தான். பதினாலு வருடமாக ஒரே எரிமலையைப் பார்த்துப் பார்த்துக் கசந்துபோன முகம். பெற்றவர்கள் சிரித்தால் இவர் பதிலுக்குச் சிரிப்பதில்லை.

அவர் எந்த அட்டையையும் மேலே பார்க்கவில்லை. முதலாவதைத் தூக்கிக் கவிழ்த்தார். கம்பி கோந்தில் நீந்திக்கொண்டிருந்தது. சரி என்று தலையசைத்து வைத்தார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கவிழ்த்தவர் நின்றார். பென்சிலால் அந்த முடிச்சைத் தொட்டுக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா ஃபேனைப் பார்த்தாள்.

ஐந்தாவதில் அதே முடிச்சு. ஏழாவதிலும். கேட்ட கேள்வியையே கேட்டுக்கொண்டு போனார் மிஸ். ஒரு பிள்ளை அழகுக்கு என்றது. ஒரு பிள்ளை தெரியாது என்றது. நாத்தனார் மகன், அது தானாகவே விழுந்துவிட்டது என்றான்.

அப்போதுதான் கோந்தக்காவுக்கு உறைத்தது. மேலே எழுத்தைக் கோணலாக்கினாள், கோட்டை வளைத்தாள், வண்ணத்தைக் கொட்டினாள். அட்டையைக் கவிழ்த்து வைத்துக் கம்பியைச் செருகியபோது மட்டும் கை தன் பாட்டுக்கு ஒன்பது வருடப் பழக்கத்தில் முடிச்சுப் போட்டுவிட்டிருக்கிறது. பதினொன்றிலும். ஒன்றுகூட விடாமல். முடிச்சில்லாமல் ஒரு கம்பியை வெளியே அனுப்ப அந்தக் கைக்குத் தெரியாது. நேர்மையாகச் செய்த ஒரே வேலை அவளைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவதாக அந்த முடிச்சு இருந்தது சுண்டுவின் அட்டையில்.

மிஸ் இம்முறை திருப்பி மேலேயும் பார்த்தார். கட்டம் கட்டமாக, ஸ்கேல் வைத்து ஒட்டிய கம்பி. பிசிறில்லாத எழுத்து. கடையில் செய்தவையெல்லாம் பிள்ளை கை பட்டது போல் இருக்க, பிள்ளை செய்தது மட்டும் கடையில் செய்தது போல் இருந்தது. மிஸ்ஸின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"இந்த முடிச்சு எதுக்கு?"

"யாராவது கம்பியைப் பிடிச்சு இழுத்தா, அந்த இழுப்பு முடிச்சோட நின்னுடும் மிஸ். பல்புகிட்ட இருக்கிற ஜாயின்ட் பிஞ்சு வராது" என்றாள் சுண்டு. அத்தனை பேரில் விடை சொன்ன ஒரே பிள்ளை. அதுவே வினையாகிவிட்டது. யார் சொல்லிக்கொடுத்தது என்று மிஸ் கேட்க, அம்மா என்றாள். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்க, மூலைக் கடையில் பில் போடுகிறார் என்று நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"மத்தவங்க கடைக்குப் போய் வாங்கியிருக்காங்க. உனக்குக் கடையே வீட்டுக்கு வந்திருக்கு" என்றார் மிஸ். "பதிலை வேற மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கே. இருக்கிறதிலேயே உன்னோடதுதான் அசிங்கம்."

சுண்டுவின் முகம் வெளிறியது. தானே செய்தது என்றாள். அம்மா பில் மட்டும்தான் போடுகிறார் என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். சொல்லேன் என்று கெஞ்சுகிற பார்வை அது.

கோந்தக்கா சொல்லவில்லை.

எத்தனை நேரம் சும்மா நின்றாள் என்று கேட்டால், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் கடைக்காரர் நாற்காலியிலிருந்து அவளைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காதருகே குனிந்தாள். அவள் வாயில் பிஸ்கட் வாடை.

"வாயைத் திறந்துடாதீங்க அண்ணி. சுண்டு கெட்டிக்காரி, இந்த வருஷம் போனா அடுத்த வருஷம் மார்க் வாங்கிக்குவா. என் பையனுக்கு இதை விட்டா ஒண்ணும் கிடையாது. இதெல்லாம் நீங்கதான் செய்றீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும். அண்ணன்கிட்ட மூச்சு விட்டேனா நான்?"

கெஞ்சலும் மிரட்டலும் ஒரே மூச்சில் வந்தன. சொந்தப் பிள்ளையைக் காப்பாற்ற இன்னொருத்தி பிள்ளையைக் கழுத்தறுக்கச் சொல்கிற ஒருத்தி, அதற்கு அண்ணன் பாசத்தை வேறு துணைக்குக் கூப்பிடுகிறாள். அதைவிட மோசம், ஒரு விநாடி அந்த யோசனை கோந்தக்காவுக்குச் சரி என்றும் பட்டது. அப்படிப் பட்டதை நினைத்துத்தான் அவள் தன் முழங்கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"மிஸ், அந்தப் பதினொண்ணையும் செஞ்சது நான். என் பொண்ணோடது மட்டும் அவளே செஞ்சது."

கடைக்காரர் எழுந்தார். மனிதர் அனுபவசாலி. அந்த அம்மா தன் கடையில் பில் போடுகிற ஆள் என்றும், வேறு எதையும் தனக்குத் தெரிந்து அங்கே செய்வதில்லை என்றும், வேலைப் பளுவில் ஏதோ உளறுகிறார் என்றும் சபைக்குத் தெரிவித்தார். இத்தனை மாதம் அவள் வீட்டில் கட்டிக் காத்த பொய்யை அவர் ஊருக்கே உறுதிப்படுத்தினார். நாலைந்து பெற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதில் ஒருவர் போன வெள்ளிக்கிழமை பின்னறைக்கே வந்து, எழுத்தை இன்னும் கொஞ்சம் கெடுத்துத் தரச் சொன்னவர்.

கோந்தக்கா கரும்பலகைக்குப் போனாள். சாக்பீஸை இடக்கையில் எடுத்தாள். ‘எளிய மின்சுற்று’ என்று எழுதினாள். சுழிகள் சாய்ந்து, கால்கள் நீண்டு, கடைசி எழுத்து வரியை விட்டுக் கீழே சரிந்தது. பதினோரு அட்டைகளிலும் இருந்த அதே பிள்ளைக் கையெழுத்து, ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிதாகப் பலகையில் நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு சின்னப் பெண், அது தன் எழுத்து என்று அப்பாவிடம் சொன்னது.

சுண்டு அந்தப் பலகையைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். வரிசையில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்க்கவே இல்லை.

ஒத்துக்கொண்டால் தீர்ந்தது என்று நினைத்துத்தான் கோந்தக்கா வாயைத் திறந்தாள். மகள் பெயர் சுத்தமாகிவிடும், மற்றது எப்படியோ போகட்டும் என்று. மிஸ் வேறு கணக்கு வைத்திருந்தார்.

"இவ்வளவு அச்சு அசலா குழந்தை மாதிரி செய்யத் தெரிஞ்சவங்க, சொந்தக் குழந்தைக்கு மட்டும் செஞ்சு குடுக்கலைன்னு நான் எப்படிம்மா நம்புறது?"

என்ன பதில் சொல்வாள்? பொய் செய்து விற்பது தொழில் என்று இப்போதுதான் நாற்பது குடும்பத்துக்கு முன்னால் எழுதிக் காட்டியிருக்கிறாள். அந்த வாயிலிருந்து வருகிற உண்மையை யார் வாங்குவார்கள்? மகளைக் காப்பாற்ற வந்தவள் அவளை இன்னும் ஆழமாகப் புதைத்துவிட்டாள்.

இங்கேயே செய்து காட்டினால் நம்புகிறேன் என்றார் மிஸ். மேஜை டிராயரைக் குடைந்து ஒரு வெற்று அட்டையும், இரண்டு பேட்டரியும், பல்பும், ஒரு சுருள் கம்பியும் எடுத்துப் போட்டார். சுண்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் பெரியவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இந்தப் பிள்ளை தோற்றால் தங்கள் பிள்ளைக்குத் துணைக்கு ஆள் கிடைக்கும் என்ற ஆசை அவர்கள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இவ்வளவு படித்த, சலவைச் சட்டை போட்ட மனிதர்கள் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தடுமாறுவதற்காகக் காத்திருந்தார்கள்.

சுண்டு கம்பி நுனியைப் பல்லால் கடித்து உரித்தாள். பேட்டரிகளை முன்னும் பின்னுமாகச் சேர்த்துக் கட்டினாள். கம்பியைப் பல்புக்குச் சுற்றினாள். அட்டைக்கு அடியில் முடிச்சுப் போட்டாள். தன் அட்டையிலிருந்த தகரச் சுவிட்சைக் கழற்றி இதில் பொருத்தினாள். அழுத்தினாள்.

பல்பு எரியவில்லை.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சுண்டு திரும்பவும் அழுத்தினாள். எரியவில்லை. கோந்தக்கா தன்னை மறந்துவிட்டாள். அவள் கண் கம்பியோடு ஓடியது, எங்கே விட்டிருக்கிறது என்று தேடியது. கண்ணுக்குப் பின்னாலேயே கையும் போனது. அவள் நினைத்துச் செய்யவில்லை. தொழிற்சாலையில் எரியாத விளக்கைக் கண்டால் போகிற மாதிரி, அந்தக் கை மேஜையைத் தாண்டி மகளின் பல்பை நோக்கிப் போய்விட்டது.

யாரோ ஓ என்றார்கள். இதுதானே நடக்கும் வீட்டில் என்று ஒரு குரல். கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். மிஸ் பென்சிலைக் கீழே வைத்தார்.

"கை வைக்காதம்மா" என்றாள் சுண்டு.

கத்திச் சொல்லவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பாலுக்குப் பக்கத்தில் வந்த பூனையை விரட்டுகிற குரலில் சொன்னாள். கோந்தக்கா கையை இழுத்துக்கொண்டாள். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டாள்.

சுண்டு மூச்சை இழுத்து விட்டாள். எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவாள் என்று பார்த்தால், அப்படிச் செய்யவில்லை. பல்பை மட்டும் கழற்றி, தன் பழைய அட்டையில் இருந்த பல்பைப் போட்டாள். அழுத்தினாள். எரியவில்லை. அது பல்பின் குற்றம் இல்லை. ஒரு கம்பியை மாற்றினாள். இல்லை. அடுத்த கம்பியை மாற்றினாள். இல்லை. இரண்டு வாரம் தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து நாலு முறை பிரித்து நாலு முறை சேர்த்தவள் அவள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று எந்தக் கடையிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

கடைசியாகத் தன் அட்டையிலிருந்து இரண்டு பேட்டரிகளையும் உருவி, மிஸ் கொடுத்தவற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தாள். அழுத்தினாள்.

பட்டப்பகல் வெளிச்சத்தில் முதலில் யாருக்கும் தெரியவில்லை. மிஸ் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் குவித்து மறைப்பு வைத்துப் பார்த்தார். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க குடுத்த பேட்டரி ரெண்டும் தீந்து போச்சு மிஸ்" என்றாள் சுண்டு.

மிஸ் அந்தப் பேட்டரிகளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். அவருடைய டிராயரில் எத்தனை வருடம் கிடந்தவையோ. பதினாலு வருடத்தில் முதல் முறையாக அவர் ஒரு பிள்ளையிடம், தப்பு தன் மேல்தான் என்றார். அதையும் அந்தப் பெரியவர்கள் காதில் விழும்படி சத்தமாகவே சொன்னார். பிறகு பதினோரு அட்டைகளையும் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்.

கூட்டம் கலைந்தது. கலைந்தவர்கள் போகிற போக்கில் கோந்தக்காவின் மேல் தெளித்துவிட்டுப் போன வார்த்தைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவளிடம் வாங்கியவர்கள்தான் அதிகம் பேசினார்கள் என்பது மட்டும் போதும். கடைக்காரர் இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். நேரே வந்து சொல்ல அவருக்குக் கூச்சமாம். நாத்தனார் தன் மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். வாசற்படியில் நின்று திரும்பி, இப்போது திருப்தியா அண்ணி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனாள்.

கோந்தக்காவுக்கு அது எதுவும் பெரிதாக வலிக்கவில்லை. வேலை போயிற்று, போகட்டும். சொல்லப்போனால் அந்தப் பின்னறையின் புளித்த கோந்து வாடையை நாளை முகர வேண்டாம் என்பதே பெரிய விடுதலையாக இருந்தது. மகள் பெயர் மகளிடமே திரும்பி வந்துவிட்டது. இனிமேல் வீட்டுக்குப் போய், அவளை உட்கார வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிவிடலாம். தொழிற்சாலை மூடிய அன்றைக்கு எப்படி இருந்தது, கடைக்காரர் முதலில் என்ன சொல்லிக் கூப்பிட்டார், முதல் எரிமலையைச் செய்த நாள் எப்படி வாந்தி வந்தது என்று எல்லாம். சுண்டு கெட்டிக்காரி. புரிந்துகொள்வாள்.

அறையில் தாயும் மகளும் மிஸ்ஸும்தான் மிச்சம். மிஸ் ஒரு தாளை எடுத்து நிரப்பினார். முதல் பரிசுக்குச் சுண்டுவின் பெயரை மேலிடத்துக்கு அனுப்புகிற படிவம் அது. இந்தச் செய்முறை முழுவதும் மாணவியின் சொந்த உழைப்பு, வேறு யாரும் செய்துதரவில்லை என்று வீட்டில் ஒருவர் உறுதி கூறிக் கையெழுத்துப் போட வேண்டும். மிஸ் பேனாவின் மூடியைத் திறந்து கோந்தக்காவிடம் நீட்டினார். காலையில் பார்த்த கசப்பு முகத்தில் இப்போது இல்லை. சங்கடம்தான் இருந்தது.

"போடுங்கம்மா. இதுக்காகத்தானே இவ்வளவும்" என்றார்.

கோந்தக்கா பேனாவை வாங்கினாள். குனிந்தாள்.

சுண்டு அந்தத் தாளைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். மடங்காமல், பத்திரமாக.

"அம்மா போட வேணாம் மிஸ். அப்பா போடட்டும்."

மிஸ் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா இங்கேயே இருக்கிறாரே என்றார் மெதுவாக.

"நாளைக்குக் காலைல அப்பா வந்துடுவார் மிஸ். நானே எல்லாத்தையும் சொல்லி, கூட்டிட்டு வரேன்."

சொல்லிவிட்டுத் தன் இரண்டு பேட்டரிகளையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அம்மா பின்னால் வருகிறாளா என்று பார்க்காமல் வாசலைப் பார்த்து நடந்தாள். கோந்தக்கா திறந்த பேனாவும் கையுமாக அங்கேயே நின்றாள்.

ஜன்னலுக்கு வெளியே, வராந்தாவில், நாத்தனார் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். "அண்ணே, நான்தான் பேசுறேன். பக்கத்துல ஆள் இருந்தா கொஞ்சம் தள்ளி வா."